கண்ணாடியை உதைத்தவரா, துரத்தி இடித்தவரா: யார் மீது குற்றம்?

செந்தூல்வாசி:
இரண்டு நாளாகக் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் காணொளியைப் பற்றித்தான் கேட்கிறேன். மலேசியாவின் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு கார் சமிக்ஞை போடாமல் இடப்பக்கம் ஒதுங்குகிறது. பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிளோட்டி விழப்போய்ச் சமாளிக்கிறார். அடுத்த நெரிசலில் அந்தக் காரைப் பிடித்து, பக்கக் கண்ணாடியைக் காலால் உதைத்து உடைத்துவிட்டுப் பறக்கிறார். கார்க்காரர் விரட்டிப் போய்ப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளுகிறார். இடித்தது தவறுதான். ஆனால் உதைத்தவர் உதைக்காமல் இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காதே! வினையை விதைத்தவர் மோட்டார் சைக்கிளோட்டி என்பதே என் எண்ணம்.

இரண்டுசக்கரம்:
அண்ணே, சமிக்ஞை போடாமல் ஒதுங்கியது என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிறகு எப்படி உதையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறீர்கள்? காரின் முன்சக்கரம் உங்கள் முழங்காலை நோக்கித் திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? கதவு தொடையில் உரச, பிரேக்கை அழுத்தினால் பின்சக்கரம் வழுக்குகிறது, அழுத்தாவிட்டால் காருக்கடியில் போக வேண்டும். உள்ளே இருப்பவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். உங்களுக்குப் போவது கண்ணாடி, எங்களுக்குப் போவது உயிர்.

செந்தூல்வாசி:
அந்த நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே 1970களில் தனிப்பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டுக் கார்களுக்கு நடுவே ஏன் நுழைய வேண்டும் தம்பி?

இரண்டுசக்கரம்:
அந்தப் பாதையில் ஒருமுறை மழை விட்டதும் வந்து பாருங்கள் அண்ணே. சுரங்க வழியில் தண்ணீர் தேங்கி நிற்கும், வளைவில் மணல் கிடக்கும், எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. கோலாலம்பூரின் ஜாலான் துன் ரசாக் சாலையில் அந்தப் பாதையும் கிடையாது. அங்கே நாங்கள் எங்கே போவது?

வழக்குக்கோப்பு:
விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இருவரும் ஒரே குற்றத்தைப் பங்குபோடப் பார்க்கிறீர்கள். காணொளியில் இருப்பவை மூன்று தனித்தனிச் செயல்கள்.

கவனமில்லாமல் ஒதுங்கியது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43ஆவது பிரிவில் வரும். அந்த மோட்டார் சைக்கிளோட்டி அங்கேயே விழுந்திருந்தால், அவர் கார்க்காரர் மீது இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருக்கலாம். அவரும் வேகமாக வந்தார் என்று காட்டினால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி நீதிபதி அவருடைய பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். நீங்கள் இருவரும் போடும் பங்குக் கணக்குக்கு இடம் அங்கேதான்.

கண்ணாடியை உடைத்தது விபத்தே அல்ல. குற்றவியல் சட்டத்தின் 427ஆவது பிரிவு அதற்கு ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ‘என்னை விழவைக்கப் பார்த்தார்’ என்பது அங்கே தண்டனையைக் குறைக்கக் கேட்கும் காரணமாகலாம், விடுதலைக்கான காரணமாகாது.

மூன்றாவதுதான் பெரியது. ஆள் உடைத்துவிட்டுப் போய்விட்டார், ஆபத்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விரட்டி இடிப்பதைத் தற்காப்பு என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்லி நிற்க முடியாது. அபாயகரமாக ஓட்டியதற்குச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவு இருக்கிறது. வேண்டுமென்றே இடித்தார் என்பது உறுதியானால் குற்றவியல் சட்டத்தில் கொலை முயற்சிக்கான 307ஆவது பிரிவு வரை போகலாம். கண்ணாடிக்குச் சில நூறு ரிங்கிட். முதுகெலும்புக்கு என்ன விலை?

செந்தூல்வாசி:
சட்டம் சரி, நடைமுறையைச் சொல்லுங்கள். லேசாக உரசியதும் பத்து மோட்டார் சைக்கிள்கள் காரைச் சூழ்ந்துகொள்கின்றன. ஒருவர் தலைக்கவசத்தால் சன்னல் கண்ணாடியைத் தட்டுகிறார், இன்னொருவர் கதவைத் திறக்கப் பார்க்கிறார். பின்னிருக்கையில் பிள்ளைகள் அழுகிறார்கள். உதைத்துவிட்டு ஓடியவரின் எண் பலகை மடங்கிக் கிடக்கும். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அந்த இயலாமைதான் மனிதரை விரட்ட வைக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் பிரிவு எண்களை மட்டும் அடுக்குவது நியாயமில்லை.

வழக்குக்கோப்பு:
பயம் உண்மைதான் ஐயா, அதை நான் மறுக்கவில்லை. கூட்டம் சூழ்ந்தால் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். வழி கிடைத்ததும் நேரே பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போய்ப் புகார் கொடுங்கள். விபத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் சொல்கிறது. ஓடுகிறவர் பின்னால் போனால், புகார் கொடுக்க வேண்டியவராகிய நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுகிறீர்கள்.

பாயான்லெப்பாஸ்அக்கா:
பினாங்கிலிருந்து எழுதுகிறேன். வேலைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில்தான், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பினாங்குப் பாலத்தைக் கடக்கிறேன். 2019இல் எங்களுக்குச் சுங்கக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், அது பெரிய உதவி. பாலம் 13.5 கிலோமீட்டர். நடுவில் காற்று வண்டியையே தள்ளும். அந்த இடத்தில் ஒருவர் கோபத்தில் பின்னாலேயே ஒட்டி வந்து ஹாரன் அடித்தால் ஒதுங்கவும் இடமில்லை, நிற்கவும் இடமில்லை. தம்பி, காரை உதைத்துவிட்டுப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: நீங்கள் மூட்டிவிட்ட கோபத்தை அந்த ஆள் அடுத்து வரும் மோட்டார் சைக்கிள் மீதுதான் காட்டுகிறார். அது பெரும்பாலும் என்னைப் போல ஷிப்ட் முடிந்து வருகிறவளாக இருக்கும்.

இரண்டுசக்கரம்:
அக்கா சொல்வதை ஏற்கிறேன், உதைத்தவர் மீது வழக்குப் போடட்டும். ஆனால் ஒதுங்கிய கார்க்காரருக்கு வெறும் அபராதச் சம்மனோடு முடித்துவிடுவார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

செந்தூல்வாசி:
இருவர் மீதும் வழக்குப் போடட்டும், அதில் எனக்கும் சம்மதமே. உதைத்தவரைப் பரிதாபத்துக்குரியவராக்காதீர்கள் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

வழக்குக்கோப்பு:
ஒரு விஷயம். இன்று காலையிலிருந்து பரவும் பிரதியை உதையிலிருந்து வெட்டி விட்டிருக்கிறார்கள். கார் ஒதுங்கிய பகுதியே அதில் இல்லை. காருக்குள் பொருத்திய கேமராவில் (டேஷ்கேம்) முழுக் காணொளியைப் பதிவு செய்தவர் இந்தப் பக்கம் வந்தால், வெட்டாத கோப்பை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். புதிய பதிவு ஏறி அழிவதற்குள் அந்த நினைவக அட்டையைக் கழற்றி வையுங்கள்.