எங்கட ஓடைக்கு ஒரு பாலம்

குழு: வளவுக்காரர்

சனிக்கிழமை

ரீச்சர் அக்கா, மாலை 5:48
எல்லாரும் ஒருக்காப் பாருங்கோ. வியாழக்கிழமை பிரதேச சபையில் ஓடைப் பாலம் பற்றிக் கதைக்க சனசமூக நிலையத்துக்கு நேரம் தந்திருக்கிறார்கள். கையில் ஒரு கடிதமும் ஒரு வரைபடமும் இருக்க வேண்டும். நடந்து போகவும் சைக்கிளில் போகவும் ஒரு பாலம், அவ்வளவுதான். கார் போகிற பாலம் கேட்கவில்லை.

மச்சாள், மாலை 5:51
அக்கா, போன கிழமை நான் விழுந்ததையும் எழுதுங்கோ. ஓடைக்குக் குறுக்கே போட்ட பனங்குற்றி பாசி பிடித்துக் கிடக்கிறது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தேன், நடுவில் கால் வழுக்கிவிட்டது. எனக்கு முழங்கால் உரஞ்சியதோடு சரி. பின்னால் வந்த பிள்ளையின் புத்தகப் பை தண்ணீருக்குள் போய்விட்டது.

மச்சாள், மாலை 5:52
[படம்]
அவளின் கொப்பிகள். எங்கட மதிலில் காயப் போட்டிருக்கிறேன். நீலக் கோடெல்லாம் கரைந்து, ஓரத்தில் உப்புப் பூத்திருக்கிறது. விஞ்ஞானக் கொப்பி ஒற்றை ஒற்றையாகக் கழன்றுவிட்டது.

ரீச்சர் அக்கா, மாலை 5:55
கட்டாயம் எழுதுகிறேன். என் வகுப்பில் ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு பேர். மாரியில் பாதிப் பேர் வருவதில்லை. பெரிய றோட்டால் சுற்றினால் நாலு கிலோமீற்றருக்கு மேல், அதுவும் பஸ்ஸும் ரிப்பர் லொறியும் ஓடுகிற றோட்டு.

கனடா சித்தப்பா, மாலை 6:10
நல்ல வேலை மகள். என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஓடை கடலோடு சேர்கிற முகத்தடியில் கட்டினால் நல்லது. அங்கே அகலம் 18 மீற்றர்தான் வரும், செலவு குறையும். கோயிலுக்கும் நேர். பின்னேரத்தில் சனம் வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க வடிவாகவும் இருக்கும்.

பெரியண்ணை, மாலை 6:14
எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பனங்குற்றியடியில் 40 மீற்றர் இருக்கிறதே. இரட்டிப்புக்கு மேல்.

கடல் மாமா, மாலை 6:31
[குரல் பதிவு, 2:47]

மச்சாள், மாலை 6:40
அப்பா சொன்னதை எழுதிப் போடுகிறேன், சித்தப்பாவுக்குக் காற்றுச் சத்தத்தில் கேட்காது:
"மச்சான், முகம் ஓரிடத்தில் நிற்கிற சாமான் இல்லை. நான் பெடியனாக இருந்தபோது முகம் கோயிலுக்கு அங்கால் இருந்தது. இப்போது இங்கால். கோடையில் மணல் வந்து அடைத்துவிடும், மாரி வெள்ளம் ஏறினதும் நாங்கள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவோம். வெட்டின ஒரு மணித்தியாலத்தில் முழங்கால் அகல வாய்க்கால் வள்ளம் போகிற அளவுக்கு அரிந்து போகும், நீங்களும் சின்னதில் பார்த்தனீங்கள்தானே. அந்த மணலில் தூண் நட்டால் அடுத்த மாரிக்குத் தூண் தண்ணீரில் நிற்குமோ தரையில் நிற்குமோ தெரியாது. பனங்குற்றியடியில் அடி கல். என் அப்புவும் அதில்தான் கடந்தார்."

நான், மாலை 6:52
மாமா சொல்வது சரி சித்தப்பா. கம்பஸில் பாலம் படிக்கத் தொடங்கினதும் முதல் கிழமையே சொல்லித் தந்தது இதுதான்: பாலங்கள் விழுவதற்குப் பெரிய காரணம் பாரம் இல்லை, தூணடியில் இருக்கிற மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போவது. குறுகின வாயில் வேகம் கூடும், அரிப்பும் கூடும். 18 மீற்றர் என்று மலிவாகத் தெரியும், அத்திவாரத்தில் அந்தக் காசெல்லாம் போய்விடும்.
பனங்குற்றியடியில் கல் என்றாலும் துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும். எங்கட குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லுக்குள் பொந்து இருக்கும். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மேலே தட்டினால் கல், நாலு மீற்றருக்குக் கீழே வெறும் குகையாக இருக்கலாம்.

கனடா சித்தப்பா, மாலை 7:05
விளங்கியது. நான் தூரத்திலிருந்து படத்தைப் பார்த்துக் கதைத்தேன். துளை போடுகிற செலவை நான் தருகிறேன்.

பெரியண்ணை, மாலை 7:11
சரி, பனங்குற்றியடிதான் என்று வைப்போம். 40 மீற்றரையும் பாலமாகக் கட்டாமல் இரண்டு பக்கமும் கல்லும் மண்ணும் கொட்டி அணை மாதிரி உயர்த்தி, நடுவில் நாலு குழாய் வைத்து ஒரு மதகு போட்டால் என்ன? பாதிக் காசில் முடியும். அடுத்த வருடமே சைக்கிள் ஓடும்.

கடல் மாமா, மாலை 7:13
வேண்டாம் மருமகன்

கடல் மாமா, மாலை 7:19
[குரல் பதிவு, 3:20]

மச்சாள், மாலை 7:33
அப்பா கோபமாகச் சொல்லவில்லை அத்தான், கவலையோடு சொல்கிறார். எழுதுகிறேன்:
"பண்ணை றோட்டையும் பொன்னாலை றோட்டையும் பார். கடலுக்குள் மண் கொட்டிப் போட்ட றோட்டுகள். அந்த றோட்டுகளை நான் குறை சொல்லவில்லை, தீவுச் சனத்துக்கு அதுதான் உயிர். ஆனால் திறப்பு இருக்கிற இடத்தில் மட்டும் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும், மற்ற இடமெல்லாம் தேங்கிச் சேறு பிடிக்கும். எங்கட ஓடை அதைவிடச் சின்னது. இறால் கடலில்தான் முட்டை போடும், குஞ்சு உள்ளே வந்து கண்டல் மரங்களடியில் வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போகும். குழாய்க்குள் சாதாழையும் பொலித்தீனும் ஒரு மாரியில் அடைத்துவிடும். பிறகு உள்ளே குஞ்சு வராது, களங்கட்டி வலையில் ஒன்றும் விழாது. பாலம் கிடைக்கும், தொழில் போய்விடும்."

பெரியண்ணை, மாலை 7:40
இதை நான் யோசிக்கவே இல்லை மாமா. மதகை விடுவோம். தூணில் நிற்கிற பாலமே கேட்போம்.

ரீச்சர் அக்கா, மாலை 7:44
கடிதத்தில் முதல் பந்தியிலேயே "ஓடையை மறிக்காத பாலம்" என்று போடுகிறேன். தம்பி, அகலம் உயரம் எல்லாம் சொல்லு.

நான், மாலை 8:20
கணக்குப் பார்த்துவிட்டேன் அக்கா. இது குத்துமதிப்பான கணக்கு, பொறியியலாளர் வந்து அளந்தால் மாறும்.

அகலம் 3 மீற்றர் கேட்போம். ஒரு சைக்கிள் கைபிடி 60 சென்ரிமீற்றர், ஓடும்போது ஆடுவதையும் சேர்த்தால் ஒரு மீற்றர் வேண்டும். எதிரெதிரே இரண்டு சைக்கிள், நடுவில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா. 2 மீற்றரில் கட்டினால் எல்லாரும் இறங்கி உருட்ட வேண்டிவரும்.

கைபிடிச் சுவர் 1.4 மீற்றர். நடக்கிறவர்களுக்கு இதைவிடக் குறைவு போதும், ஆனால் அந்தக் குறைந்த உயரம் சைக்கிளில் இருக்கிறவரின் இடுப்பளவில்தான் நிற்கும், காற்றடித்துச் சரிந்தால் மேலால் விழுந்துவிடுவார்.

பாரம்: சனம் நெருக்கி நின்றால் ஒரு சதுர மீற்றருக்கு 500 கிலோ என்று எடுப்பார்கள். 3 தர 40, 120 சதுர மீற்றர். 60 தொன். தீர்த்தத் திருவிழா அன்று சனம் பாலத்தில் நின்று சாமி பார்க்கும், அப்போது இந்தக் கணக்கு உண்மையாகவே வரும். "வெறும் நடைபாலம்தானே" என்று யாராவது மெல்லிசாகக் கட்டப் பார்த்தால் இதைச் சொல்லுங்கோ. பாரம் தாங்கினால் மட்டும் போதாது, ஆடவும் கூடாது. லண்டனில் மிலேனியம் பாலம் 2000 ஜூனில் திறந்து இரண்டு நாளில் மூடினார்கள். உடையவில்லை, சனம் நடக்க நடக்கப் பக்கவாட்டில் ஆடியது. அதைத் திருத்தித் திரும்பத் திறக்க 2002 ஆகிவிட்டது.

மச்சாள், மாலை 8:26
உயரம்? அப்பா வள்ளத்தில் எழும்பி நின்று கம்பு ஊன்றித்தான் வருவார். குனிய மாட்டார், அவருக்கு முதுகு ஏலாது.

நான், மாலை 8:31
அதைத்தான் முக்கியமாகப் பார்த்தேன். உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேல் 2.5 மீற்றர் வெளி விட்டால் எழும்பி நிற்கலாம். அப்படி விட்டால் பாலத்தின் நடு, கரையைவிட 2 மீற்றர் உயர்ந்து நிற்கும். சைக்கிளுக்கு 20க்கு 1 சரிவுதான் சுகம், அதன்படி ஒவ்வொரு பக்கமும் 40 மீற்றர் ஏற்றம் வேண்டும்.

பெரியண்ணை, மாலை 8:34
40 மீற்றருக்குக் கரையில் இடம் இல்லையடா. இந்தப் பக்கம் கண்டல், அந்தப் பக்கம் வளவு வேலி.

நான், மாலை 8:38
ஓம் அண்ணை. அதனால் பாலத்தையே நடுவில் கூனாக எடுக்கலாம். கரையிலிருந்து நடுவுக்கு 20 மீற்றர், அந்தத் தூரத்திலேயே ஒரு மீற்றர் ஏறிவிடலாம். மிச்சம் ஒரு மீற்றருக்குக் கரையில் 20 மீற்றர் போதும். 12க்கு 1 என்று செங்குத்தாக்கினால் இடம் இன்னும் குறையும், ஆனால் கரியரில் அரிசி மூட்டையோடு வருகிற ஐயா மிதிக்க ஏலாது, சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கும் மூச்சு வாங்கும்.

கடல் மாமா, மாலை 8:45
வள்ளம் போக நடுவில் பாலத்தின் ஒரு கண் உயரமாக இருந்தால் போதும். ஓரத்தில் பதிந்தால் பரவாயில்லை

பெரியண்ணை, மாலை 8:52
வெள்ள மட்டத்துக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. 2008 நவம்பர், நிஷா புயல் மழை. மாமாவின் மீன் வாடிச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரியும், அதற்குக் கீழே சுண்ணாம்பு உரிந்து கல் தெரிகிறது. நாளைக்கு அளந்து படம் அனுப்புகிறேன். பாலத்தின் அடி அதற்கு மேலே நிற்க வேண்டும்.

கனடா சித்தப்பா, மாலை 9:02
இரும்பா கொங்கிறீற்றா?

நான், மாலை 9:08
இரும்பு என்றால் துத்தநாகம் பூசிக் கல்வனைஸ் பண்ணியது, அதற்கும் தொடர்ந்து பராமரிப்பு வேண்டும். கொங்கிறீற் என்றால் கம்பிக்கு வெளியே 75 மில்லிமீற்றர் மூடல் கேட்க வேண்டும். உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடித்து வீங்கும், கொங்கிறீற் வெடித்துக் கழரும். கரையோர வீடுகளின் பழைய கொங்கிறீற் பிளாற்றுகளைப் பாருங்கோ, அடியில் எல்லாம் கம்பி எட்டிப் பார்க்கிறது.

ரீச்சர் அக்கா, மாலை 9:15
அனுமதி யாரிடம்?

பெரியண்ணை, மாலை 9:21
கரையோரம் பேணல் திணைக்களம் முதலில். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு சேர்கிற ஓடை, களப்பு என்றால் முகத்திலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரைக்கும் அது போகும். பனங்குற்றியடி அதற்குள்தான். கண்டல் ஒன்றும் வெட்டாமல் வரைந்தால் பாதித் தலையிடி குறையும். பிரதேச செயலகத்துக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் ஒவ்வொரு பிரதி.

மச்சாள், மாலை 9:30
ஒன்று கேட்கட்டுமா. மோட்டார் சைக்கிளும் விடக் கூடாதா? இரவில் ஒருவருக்கு ஏலாமல் வந்தால்?

பெரியண்ணை, மாலை 9:33
விட்டால் ஒரு மாதத்தில் ஓட்டோவும் வரும். பிறகு பிள்ளைகள் திரும்ப ஓரத்தில் ஒதுங்க வேண்டியதுதான்.

ரீச்சர் அக்கா, மாலை 9:36
அவள் கேட்டது நியாயம்தானே அண்ணா. இருங்கோ, அம்மம்மா பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறா. ஏதோ சொல்ல வேண்டுமாம்.

ரீச்சர் அக்கா, மாலை 9:49
அம்மம்மா சொன்னது:
"பெற்றோல் இல்லாத காலத்தில் உங்கட தாத்தாவை இதே ஓடையால்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரண்டு சைக்கிளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டு கரியருக்கும் குறுக்கே கதவுப் பலகை கட்டி அதில் படுக்க வைத்தோம். ஓடையில் வந்ததும் சைக்கிள் போகாது. நாலு பேர் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினார்கள். நான் கரையில் நின்றேன். அவருடைய கை பலகையிலிருந்து விழுந்து தண்ணீரில் பட்டுப் பட்டுப் போனது. மோட்டார் சைக்கிள் விடுங்கோ, விடாமல் இருங்கோ, அது உங்கட பாடு. கதவைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் நடக்க இடம் விடுங்கோ."

கனடா சித்தப்பா, மாலை 9:58
இது எனக்குத் தெரியாது மாமி. நான் அப்போது இங்கே வந்துவிட்டேன்.

நான், மாலை 10:06
அம்மம்மாவிடம் சொல்லுங்கோ அக்கா, 3 மீற்றரில் நாலு பேர் தாராளமாகத் தூக்கிக்கொண்டு போகலாம். பாலத்து வாசலில் வண்டியை மறிக்கிற நடுத்தூணைக் கழற்றக் கூடியதாகப் பூட்டுப் போட்டு வைப்போம். இரண்டு கரையிலும் ஒவ்வொரு வீட்டில் அந்தப் பூட்டின் திறப்பு இருக்கட்டும். ஏலாதவருக்கு எந்த வண்டியும் வரலாம், மற்ற நேரம் நடையும் சைக்கிளும்தான்.

மச்சாள், மாலை 10:08
இந்தக் கரையில் திறப்பு எங்கட வீட்டில் இருக்கட்டும். அப்பா விடிய மூன்று மணிக்கே எழும்பிவிடுவார்.

ரீச்சர் அக்கா, மாலை 10:15
ஒரு குறை இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று வியாழன் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. "கனபேர்" என்று சொல்ல ஏலாது. திங்கள் பள்ளிக்கூட நாள். விடிய ஆறிலிருந்து மாலை ஆறு வரை யாராவது கரையில் இருந்து எண்ண வேண்டும். நடக்கிறவர், சைக்கிள், பிள்ளைகள், சுமையோடு வருகிறவர் என்று தனித்தனியாக.

நான், மாலை 10:17
காலை நான். கம்பஸ் புதன்தான்.

மச்சாள், மாலை 10:18
பத்திலிருந்து நான். தையல் மெஷினைக் கரைக்குக் கொண்டு வர ஏலாது, கைத்தையலைக் கொண்டு வருகிறேன்.

பெரியண்ணை, மாலை 10:22
இரண்டுக்குப் பிறகு நான் வருகிறேன்.

திங்கட்கிழமை

நான், காலை 6:04
வந்துவிட்டேன். தண்ணீர் வற்றிக் கீழே நிற்கிறது. பனங்குற்றி ஈரம். முதல் ஆள் இறால் கூடையோடு ஒரு அம்மா, செருப்பைக் கழற்றிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு கடந்தா.

பெரியண்ணை, காலை 6:20
[படம்]
வாடிச் சுவர்க் கோடு. தரையிலிருந்து 71 சென்ரிமீற்றர்.

நான், காலை 7:02
இதுவரை 46. அதில் பிள்ளைகள் 17, சைக்கிள் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் 12. இரண்டு சின்னப் பிள்ளைகள் குற்றியில் இருந்து இருந்து நகர்ந்து வந்தார்கள்.

ரீச்சர் அக்கா, காலை 7:05
அந்த இரண்டு பேரும் என் வகுப்புத்தான். வரும்வரைக்கும் மணி அடிக்க விடமாட்டேன்.

கடல் மாமா, காலை 7:09
மருமகன் அதில் நிற்கிறவர் என்னையும் எண்ணினவரோ. நான் கீழாலே வள்ளத்தில் போனேன்

நான், காலை 7:10
உங்களுக்குத் தனி வரி போட்டிருக்கிறேன் மாமா. "வள்ளம்: 1, ஆள் எழும்பி நின்றபடி."