பீட்டி சொல்வது பொய்யா? ஃபாரன்ஹீட் 451-இல் எரிப்பைத் தொடங்கியது யார்?

வடகரையான்:
போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "ஐம்பதுகளின் அமெரிக்க அறிவியல் புனைவு முழுக்க அரசுக்கு எதிரான டிஸ்டோபியாதான், இருண்ட எதிர்காலக் கதைதான். அதன் உச்சம் ரே பிராட்பரியின் ஃபாரன்ஹீட் 451 நாவல். சர்வாதிகார அரசு மக்களிடமிருந்து புத்தகங்களைப் பிடுங்கி எரிக்கும் கதை."

அதற்கு எத்தனை பாராட்டு! ஒருவர்கூடப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லையே என்று இரண்டு நாளாக மனது ஆறவில்லை. முதல் பாகத்தின் கடைசியில், புத்தகங்களை எரிக்கும் தீயணைப்புப் படையில் வேலை பார்க்கும் நாயகன் மான்டாக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருக்கிறான்; அவனைப் பார்க்கப் படைத்தலைவர் கேப்டன் பீட்டி வருகிறார். நீளமாகப் பேசுகிறார். இந்த எரிப்பு அரசாங்கத்திடமிருந்து இறங்கி வரவில்லை, தொடக்கத்தில் ஆணையும் இல்லை, தணிக்கையும் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறார். மக்களே படிப்பதை விட்டார்கள். புத்தகம் சுருங்கியது, சுருக்கத்துக்கும் சுருக்கம் வந்தது. இந்தக் கூட்டத்துக்கு இது பிடிக்காது, அந்தக் கூட்டத்துக்கு அது பிடிக்காது என்று ஒவ்வொன்றாக வெட்டினார்கள். வீடுகளெல்லாம் தீப்பிடிக்காதபடி கட்டப்பட்ட பிறகு தீயணைப்புப் படைக்கு வேலை இல்லாமல் போய், புது வேலை கொடுத்தார்கள். அரசு வந்தது கடைசியில். எரிப்பைத் தொடங்கியது அரசு அல்ல.

இரவுப்பறவை:
சொல்வது யார்? பீட்டி. எரிப்பவர்களின் தலைவர். எரிப்பதை நியாயப்படுத்தத்தான் மான்டாகின் படுக்கை அருகே வந்து உட்கார்ந்திருக்கிறார். திருடன் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

மணிமாறன்:
நண்பர்களே, முதலில் டிஸ்டோபியா என்றால் என்ன என்று ஒரு வரையறைக்கு வருவோமா? அரசின் கொடுமை இருந்தால்தான் டிஸ்டோபியாவா, இல்லை சமூகமே தானாகக் கெட்டுப்போனாலும் அந்தப் பெயர் பொருந்துமா? அது தெளிவானால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வடகரையான்:
தம்பி இரவுப்பறவை, பீட்டியை நம்ப மாட்டீர்கள், சரி. ஃபேபரை நம்புவீர்களா? இரண்டாம் பாகத்தில் வரும் வயதான பேராசிரியர், மான்டாகுக்கு உதவுபவர். அவரும் அதையேதான் சொல்கிறார்: தீயணைப்பு வீரர்கள் அபூர்வமாகத்தான் தேவைப்படுகிறார்கள், மக்கள் தாங்களாகவே படிப்பதை நிறுத்திவிட்டார்கள். எதிரி சொல்வதும் நண்பன் சொல்வதும் ஒன்றாக இருக்கும்போது அது ஆசிரியர் சொல்ல வந்தது இல்லாமல் வேறென்ன?

நான் இந்த நாவலை எழுபத்தெட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் முதலில் படித்தேன். அதன் பிறகு எத்தனை முறை என்று கணக்கில்லை.

இரவுப்பறவை:
நான் தம்பி இல்லை. இருபத்தோரு வருடமாகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிற பெண். எந்த வருடம் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பது சான்று ஆகாது.

ஃபேபர் சொல்வது மக்கள் படிப்பதை நிறுத்தினார்கள் என்று. எரிக்கச் சொன்னார்கள் என்று அல்ல. நிறுத்துவதும் எரிப்பதும் ஒன்றா? தீயணைப்பு நிலையத்தில் இருக்கும் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். படை 1790-இல் நிறுவப்பட்டது, குடியேற்றங்களில் இங்கிலாந்துச் சார்புள்ள புத்தகங்களை எரிக்க, முதல் வீரர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. பச்சைப் பொய். வரலாற்றையே மாற்றி அச்சடிக்கும் ஓர் அமைப்பின் அதிகாரி சொல்லும் வரலாற்றை நீங்கள் வேதமாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

வடகரையான்:
அம்மா, மன்னிக்கவும், பெயரைப் பார்த்துத் தெரியவில்லை. ஆனால் நீங்களே வசமாக மாட்டிக்கொண்டீர்கள். அந்த விதிப்புத்தகத்தைப் பீட்டியே மறுக்கிறார். இதெல்லாம் உண்மையில் உள்நாட்டுப் போர்க் காலத்தை ஒட்டித் தொடங்கியது, நம் விதிப்புத்தகம் அதற்கும் முன்பே என்று சொன்னாலும், என்கிறார். அதாவது அதிகாரபூர்வப் பொய்யை விலக்கிவைத்துவிட்டு மான்டாகிடம் உண்மையைச் சொல்கிறார். பொய் சொல்ல வந்தவர் தன் துறையின் பொய்யை ஏன் உடைக்க வேண்டும்? கல்லூரியில் இந்த வரியை நடத்துவதில்லையா?

கடைசிபெஞ்ச்:
நான் 1966-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ இந்த நாவலை வைத்து எடுத்த படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். எழுத்தே இல்லாத உலகம் என்பதால் படத்தின் தொடக்கத்தில் பெயர்களைக்கூட எழுத்தில் காட்டாமல் குரலில் சொல்வார்கள். அதைப் பார்த்துச் சிலிர்த்துப் போனேன். படத்தில் அரசுதான் வில்லன் என்றே எனக்குப் பட்டது.

வடகரையான்:
படத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. நாவலில் தப்பியோடுகிறவர்களைத் துரத்தும் இயந்திர வேட்டைநாயே அந்தப் படத்தில் கிடையாது. நாய் இல்லாத ஃபாரன்ஹீட்டை வைத்துக்கொண்டு விவாதத்துக்கு வருகிறீர்கள்.

இரவுப்பறவை:
அந்த வரி எனக்கு நன்றாகவே தெரியும். திறமையான பிரச்சாரகர் சின்னப் பொய்யை விட்டுக்கொடுத்துத்தான் பெரிய பொய்யை விற்பார். அதே பேச்சில் கொஞ்சம் தள்ளி என்ன சொல்கிறார்? ஒருவன் அரசியல்ரீதியாக வருத்தப்படக் கூடாது என்றால் ஒரு கேள்வியின் இரண்டு பக்கங்களையும் அவனுக்குக் காட்டாதே, ஒன்றைக் காட்டு, ஒன்றுமே காட்டாமல் விட்டால் இன்னும் நல்லது என்கிறார். அரசு திறமையில்லாமல், வரிவெறி பிடித்து இருந்தாலும் மக்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதே மேல் என்கிறார். இது யாருடைய லாபம்? மான்டாகின் மனைவி மில்ட்ரெடுடையதா?

அப்புறம், நாவல் எழுதப்பட்ட காலம். 1947-இல் ஹாலிவுட்காரர்களைக் கம்யூனிஸ்டுகளா என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பிராட்பரி இருந்தது லாஸ் ஏஞ்சலஸில். 1950 பிப்ரவரியில், அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று செனட்டர் மெக்கார்த்தி வீலிங் நகரில் பேசிய பேச்சு. 1952 நவம்பரில் பிராட்பரி தன் சொந்தக் காசில் டெய்லி வெரைட்டி என்ற சினிமாப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, குடியரசுக் கட்சி கிளப்பிய பயத்தைக் கண்டித்தார். 1953-இல் வெளிநாடுகளில் இருந்த அமெரிக்க அரசு நூலகங்களிலிருந்து புத்தகங்களை அகற்றினார்கள். ஜூன் 14 அன்று டார்ட்மத் கல்லூரியில் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரே, புத்தகம் எரிப்பவர்களோடு சேராதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லும் அளவுக்குப் போனது. நாவல் வந்தது அதே ஆண்டு அக்டோபரில். இவ்வளவுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதியவர் அரசைப் பற்றி எழுதவில்லையாம்.

பழையபேப்பர்:
ஒரு விஷயம் சொல்லிக்கொள்கிறேன். அரசே வில்லன் இல்லாத டிஸ்டோபியா வேண்டுமென்றால் ஃபிரெடெரிக் போல், கார்ன்ப்ளூத் இருவரும் சேர்ந்து எழுதிய த ஸ்பேஸ் மெர்ச்சண்ட்ஸ் நாவல் இருக்கிறதே! 1952-இல் கேலக்ஸி பத்திரிகையில் தொடராக வந்தது, அடுத்த வருடம் புத்தகம். விளம்பரக் கம்பெனிகள்தான் உலகத்தை ஆள்கின்றன. செனட்டர்கள் மாநிலங்களுக்குப் பதிலாகக் கம்பெனிகளின் பிரதிநிதிகள். காபி மாதிரி ஒரு பானத்தில் பழக்க அடிமையாக்கும் பொருளைக் கலந்து விற்கிறார்கள். சிக்கன் லிட்டில் என்று ஒரு பிரம்மாண்டமான கோழிச் சதைப் பிண்டம், வளர்ந்துகொண்டே இருக்கும், வெட்டி வெட்டி விற்பார்கள். போல் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர், அந்த வாசனை வரிக்கு வரி அடிக்கும். ஃபாரன்ஹீட்டைவிட நூறு மடங்கு கூர்மை. கார்ன்ப்ளூத் 34 வயதில் இறந்துபோகாமல் இருந்திருந்தால் இன்று பிராட்பரியை யாருக்குத் தெரியும்?

வடகரையான்:
பழையபேப்பர், எந்தப் பேச்சு நடந்தாலும் அந்தக் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். போன வருடம் பிலிப் கே. டிக் பற்றிப் பேசியபோதும் இதே கோழிதான்.

இரவுப்பறவை அம்மாவுக்கு: மெக்கார்த்தி காலம் என்றால் எல்லாமே மெக்கார்த்தியா? 1948-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சரில் காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்து எரித்தது யார்? பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதே வருடம் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனிலும் அப்படியே. வாஷிங்டனிலிருந்து எந்த ஆணையும் வரவில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் தேவாலயமும்தான் பின்னால் நின்றார்கள். 1950-இல் பிராட்பரி எழுதிய, பிறகு அஷர் 2 என்று பெயர் பெற்ற கதையைப் படியுங்கள். முதலில் காமிக்ஸை, பிறகு துப்பறியும் கதைகளை, ஒரு கூட்டம் மாற்றி ஒரு கூட்டம் பயந்து பயந்து கட்டுப்படுத்தியது என்று அதிலேயே பட்டியல் போடுகிறார். மூன்று வருடம் கழித்துப் பீட்டி பேசப்போவதை அங்கே கதையின் நாயகன் ஸ்டெண்டால் பேசுகிறார். ஸ்டெண்டால் வில்லன் இல்லை, புத்தகங்களுக்காகப் பழிவாங்குகிறவர்.

நாவலுக்குள்ளேயே பாருங்கள். புத்தகங்களோடு தானும் எரிந்துபோகிறாரே அந்தக் கிழவி, அவரைக் காட்டிக்கொடுத்தது யார்? பக்கத்து வீட்டு மிஸஸ் பிளேக். மான்டாகைக் காட்டிக்கொடுத்தது யார்? அவன் மனைவி. உளவுத்துறையா வந்தது? திரும்பவும் சொல்கிறேன், எரிப்பைத் தொடங்கியது அரசு அல்ல.

இரவுப்பறவை:
காட்டிக்கொடுத்தது பக்கத்து வீடு. சட்டம் போட்டது யார்? எண்ணெய் நிரப்பி வண்டி அனுப்பியது யார்? இயந்திர நாயை வளர்ப்பது யார்? மான்டாக் தப்பித்துவிட்டான் என்று தெரிந்ததும், தெருவில் நடந்துபோன ஓர் அப்பாவியைப் பிடித்து, மான்டாக் செத்துவிட்டான் என்று நேரலையில் காட்டுவது யார்? மிஸஸ் பிளேக்கா?

சுடர்விழி:
சண்டைக்கு நடுவில் வருகிறேன். தீயணைப்பு வீரர் என்று எல்லோரும் எழுதுகிறீர்களே, அது எனக்கு இடறுகிறது. ஃபயர்மேன் என்ற சொல்லில் அணைப்பது இல்லை, நெருப்பும் ஆளும்தான் உண்டு. அதனால்தான் எரிப்பவனுக்கும் அது பொருந்துகிறது. தமிழில் 'அணை' என்று வந்துவிட்டால் விளையாட்டே போய்விடுகிறது. தீப்படை என்று வைக்கலாமா?

வடகரையான்:
தீயணைப்பு வீரர் என்று சொல்லிவிட்டு எரிப்பதுதான் தமிழில் இன்னும் கொடூரமாக இருக்கிறது. நான் நினைத்துத்தான் எழுதினேன்.

சுடர்விழி:
நினைத்துத்தான் எழுதினீர்களா? முதல் பதிவில் எல்லோரும் எழுதுவது போலத்தானே எழுதினீர்கள். மொழிபெயர்ப்பு என்றாலே உங்களுக்கு இப்படித்தான். அசிமோவ் மொழிபெயர்ப்புப் பற்றி நான் சொன்னபோதும் காது கொடுக்கவில்லை.

வடகரையான்:
அசிமோவைப் பற்றி அப்போதே பேசி முடித்துவிட்டோம்.

சுடர்விழி:
நீங்கள் முடித்தீர்கள். நான் முடிக்கவில்லை.

கடைசிபெஞ்ச்:
தாள் 451 டிகிரி ஃபாரன்ஹீட்டில்தான் எரியும் என்பதே சரியா? ஒவ்வொரு தாளும் வெவ்வேறு வெப்பத்தில் பற்றிக்கொள்ளும் என்று படித்தேன். தலைப்பே தப்பு என்றால் மீதியை எப்படி நம்புவது?

பழையபேப்பர்:
சுமார் 233 டிகிரி செல்சியஸ். தாளின் கனம், ஈரம், எவ்வளவு நேரம் சூடு படுகிறது என்பதையெல்லாம் பொறுத்து மாறும். பிராட்பரி தீயணைப்புத் துறைக்குத் தொலைபேசியில் கேட்டு வாங்கிய எண் அது. நாவலுக்கு அது போதும்.

மணிமாறன்:
வரையறை பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வடகரையான்:
வெப்பநிலையும் வேண்டாம், வரையறையும் வேண்டாம். ஒரே கேள்வி: தொடங்கியது யார்? ஆசிரியரே பதில் சொல்லிவிட்டார். 2007-இல் எல்.ஏ. வீக்லி பத்திரிகைப் பேட்டியில், இது அரசுத் தணிக்கை பற்றிய நாவல் அல்ல, தொலைக்காட்சி வாசிப்பின் மீதான ஆர்வத்தை அழிப்பது பற்றியது என்றார். மில்ட்ரெட் மூன்று சுவர்களில் தொலைக்காட்சி வைத்துக்கொண்டு நான்காவது சுவரும் வேண்டும் என்கிறாளே, இரண்டாயிரம் டாலர், மான்டாகின் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! எந்த அரசு அவளைக் கட்டாயப்படுத்தியது? காதில் சிப்பி மாதிரி வானொலியைச் செருகிக்கொண்டு ராத்திரி முழுக்கப் படுத்திருக்கிறாள். அந்தக் காட்சியை முதலில் படித்தபோது எனக்கு வயது இருபது, இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. கணவனும் மனைவியும் முதலில் எங்கே சந்தித்தோம் என்பதே இருவருக்கும் நினைவில்லை. நாவலின் நெஞ்சு அங்கே இருக்கிறது. நாயிலும் எண்ணெயிலும் இல்லை.

இரவுப்பறவை:
2007 பேட்டி. எழுதி ஐம்பத்து நான்கு வருடம் கழித்து. 1956-இல் அதே பிராட்பரி வானொலியில் பேசியபோது, மெக்கார்த்தி காலத்தில் புத்தகம் எரிக்கும் பேச்சுக்களைப் பார்த்துக் கவலைப்பட்டு எழுதினேன் என்றார். எந்தப் பிராட்பரியை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? உங்களுக்குச் சாதகமானவரை மட்டும்தானே?

மில்ட்ரெட் பற்றி நீங்கள் எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் மில்ட்ரெட் எரிக்கவில்லை.

வடகரையான்:
1956-இல் கவலைப்பட்டேன் என்றார், அரசுதான் தொடங்கியது என்றா சொன்னார்? இன்னொரு சான்று தருகிறேன். 1967-இல் பாலன்டைன் பதிப்பகம் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு போட்டது. அதில் எழுபத்தைந்து இடங்களில் கைவைத்தார்கள். ஹெல், டேம் என்ற வசைச்சொற்கள், கருக்கலைப்பு என்ற சொல் எல்லாம் போயிற்று. 1973 முதல் ஆறு வருடம் கடைகளில் வெட்டிய பதிப்பு மட்டும்தான் அச்சானது. பிராட்பரிக்கே தெரியாது! 1979-இல் தெரியவந்ததும் கொதித்துப்போய் ஒரு பின்னுரை எழுதினார். வெட்டியது அரசா? பதிப்பகத்தின் ஆசிரியர்கள். யாரும் அவர்கள் தலையில் துப்பாக்கி வைக்கவில்லை. யாரோ கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம். பீட்டி சொன்னது அப்படியே நடந்தது. இதற்குப் பிறகுமா பீட்டி பொய் சொல்கிறார்?

பழையபேப்பர்:
அந்தப் பயம் வியாபாரப் பயம்தானே? பள்ளிகளுக்கு விற்க வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள். அதைத்தான் போலும் கார்ன்ப்ளூத்தும்...

வடகரையான்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா.

இரவுப்பறவை:
பதிப்பகம் சொற்களை வெட்டியது. யாரையும் வீட்டோடு கொளுத்தவில்லை. நாவலில் கொளுத்துகிறார்கள், சீருடை போட்டவர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு. வெட்டுவதற்கும் கொளுத்துவதற்கும் இடையில் என்ன நடந்தது என்று பீட்டி ஒரு வரியில் தாண்டிப் போகிறார் பாருங்கள், வீடுகள் தீப்பிடிக்காமல் போனதால் படைக்குப் புது வேலை கொடுக்கப்பட்டது என்று. கொடுத்தது யார் என்று மட்டும் சொல்வதில்லை. நீங்களும் சொல்வதில்லை.

வடகரையான்:
கேட்டது யார் என்று பீட்டி சொல்கிறார். அதற்கு முந்தைய பக்கத்தை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.

இரவுப்பறவை:
படித்துவிட்டுத்தான் முதல் பதிவையே எழுதினேன். கொடுத்தது யார்?