ரொறன்ரோவில் சைனாடவுன் உண்டு, கிரேக்கர் தெரு உண்டு. தமிழருக்கென ஒரு தெரு ஏன் அமையவில்லை?

வடலி எழுதியது:

வணக்கம். ரொறன்ரோவின் வீதிப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால், இந்நகருக்கு வந்து சேர்ந்த மக்களின் வரலாற்றை ஓரளவு அறிந்துகொள்ளலாம். ஸ்பதைனாவும் டண்டாஸும் சந்திக்கும் இடத்தைச் சுற்றிச் சைனாடவுன், டான்ஃபோர்த் வீதியில் கிரேக்கர் பகுதி, கொலிஜ் வீதியில் லிட்டில் இட்டலி, கிழக்கு ஜெராட் வீதியில் இந்தியக் கடைத்தெரு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் எல்லையும் இருக்கின்றன. இந்தப் பெருநகர்ப் பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஓர் இலட்சத்துக்கும் மேல். ஆயினும், வெளியூரிலிருந்து வருபவரை அழைத்துச் சென்று ‘இதுதான் தமிழர் தெரு’ என்று காட்டுவதற்கு ஓர் இடம் இல்லை. எண்பதுகளில் வெலஸ்லி–பார்லிமென்ட் பகுதியின் தொடர்மாடிகளில் இருந்தோம். பிறகு ஸ்காபரோவுக்குப் பெயர்ந்தோம். இப்போது மார்க்கம், ஏஜாக்ஸ் என்று இன்னும் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. தமிழரிடம் ஒற்றுமை இல்லை என்பது ஒன்று; நாம் மற்றவர்களோடு விரைவில் கலந்துவிட்டோம் என்பது மற்றொன்று. கோவில் தேர்த்திருவிழாவுக்கும் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலுக்கும் திரளும் கூட்டத்தைப் பார்த்தால் இரண்டுமே பொருந்துவதாகத் தெரியவில்லை. வட அமெரிக்க நகரங்களில் மற்ற இனத்தவர்கள் ஓரிடத்தில் திரண்டது அவர்களுடைய விருப்பத்தினாலா, வேறு வழியில்லாமையினாலா? நமக்கு அப்படி ஒரு தெரு அமையாமல் போனதை ஓர் இழப்பாகக் கருத வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கடலோடி எழுதியது:

வடலி அவர்களுக்கு வணக்கம். முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன். இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் சைனாடவுன்களில் பழையவை பெரும்பாலும் ஒடுக்குதலின் விளைவாகத் தோன்றியவை.

சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பொன் தேடியும் பின்னர் ரயில் பாதை அமைக்கவும் வந்த சீனர்களுக்கு எதிராகக் கலிபோர்னியாவில் எழுந்த வெறுப்பு, 1882இல் சீனத் தொழிலாளர் வருகையைத் தடைசெய்யும் மத்தியச் சட்டமாகவே மாறியது. அச்சட்டம் 1943இல் நீக்கப்பட்டபோதும், ஆண்டுக்கு 105 பேருக்கு மட்டுமே அனுமதி என்ற அளவில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நகரின் பிற பகுதிகளில் வீடு கிடைக்காதவர்களும், வெளியே நடந்தால் அடி விழும் என்று அஞ்சியவர்களும் ஒரு சில தெருக்களுக்குள் ஒடுங்கி வாழ்ந்தார்கள். 1906ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் தீயும் அந்தத் தெருக்களை அழித்தன. அதையே வாய்ப்பாகக் கொண்டு, சீனர்களை நகரின் தென்கிழக்கு ஓரத்திலுள்ள ஹண்டர்ஸ் பொயின்ற் பகுதிக்கு அனுப்பிவிட நகரத் தலைவர்கள் முனைந்தார்கள். சீன அரசின் எதிர்ப்பும், சீனர்களால் வந்துகொண்டிருந்த வாடகையும் வரியும் போய்விடுமே என்ற கவலையும் அத்திட்டத்தைத் தடுத்தன. அதன் பிறகுதான் சீன வணிகர்கள் வெள்ளையரான கட்டடக் கலைஞர்களை அமர்த்தி, அடுக்குக் கோபுரங்களும் வளைந்த கூரை விளிம்புகளும் கொண்ட கட்டடங்களை எழுப்பினார்கள். சீனாவில் அப்படி ஒரு கடைத்தெரு இருந்ததில்லை. தங்களை விரட்ட நினைக்கும் நகரத்துக்குத் தாங்கள் வருமானம் தரும் காட்சிப்பொருள் என்று உணர்த்துவதற்காக அமைத்த வேடம் அது. மற்ற நகரங்களும் பின்னாளில் அதைப் பார்த்தே தத்தம் சைனாடவுன்களுக்கு அலங்காரம் செய்தன.

கனடாவின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. கனேடிய பசிபிக் ரயில் பாதை முடிவடைந்த 1885ஆம் ஆண்டிலேயே, நாட்டுக்குள் வரும் சீனர் ஏறத்தாழ ஒவ்வொருவருக்கும் 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903இல் அது 500 டொலராக உயர்ந்தது. 1923இல் வருகையே ஏறத்தாழ முற்றாகத் தடுக்கப்பட்டு, 1947 வரை அந்நிலை நீடித்தது. மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துவர இயலாத ஆண்கள் முதுமை வரை ஒரே கட்டடத்தின் அறைகளில் கூடி வாழ்ந்ததையே வெளியிலிருந்து பார்த்தவர்கள் ‘இவர்கள் தங்களுக்குள்ளேயே இருக்க விரும்புபவர்கள்’ என்று எழுதி வைத்தார்கள். ஒற்றுமையின் அளவுகோலாக ஒரு தெருவை எடுத்துக்கொள்ளும் முன்னர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நகரவாசி எழுதியது:

கடலோடி சொன்னது பழைய காலத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் தமிழர் விடயத்தில் அது பாதி விடைதான். அமெரிக்கா 1965இலும் கனடா 1967இலும் குடிவரவு விதிகளை மாற்றி, பிறந்த நாட்டையும் நிறத்தையும் வைத்துத் தெரிவு செய்யும் முறையைக் கைவிட்டன. நம்மவர்கள் பெருந்தொகையாக வந்தது 1983 யூலைக் கலவரத்துக்குப் பின்னர். ஆகவே நம்மை யாரும் ஒரு தெருவுக்குள் அடைத்துவைக்கவில்லை. நமக்குத் தெரு கிடைக்காததன் காரணத்தை நகரத்தின் கட்டடங்களில்தான் தேட வேண்டும்.

ரொறன்ரோவின் பெயர்பெற்ற இனத் தெருக்கள் எல்லாமே ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறியவை. முதல் சைனாடவுன் எலிசபெத் வீதியில் இருந்தது. 1965இல் திறக்கப்பட்ட புதிய நகர மண்டபத்துக்காகவும் அதன் முன்னுள்ள சதுக்கத்துக்காகவும் அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சியதையும் இழக்காதிருக்கச் சீனச் சமூகத் தலைவியான ஜீன் லம் போன்றோர் போராடினர். ஆயினும் கடைகள் மேற்கே ஸ்பதைனாவுக்கு நகர்ந்தன. அங்கே அவர்களுக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம், அதுவரை அவ்வீதியில் தையல் தொழிலும் கடைகளும் நடத்திவந்த யூதர்கள் பாதர்ஸ்ட் வீதி வழியே வடக்கே குடிபெயர்ந்துகொண்டிருந்ததுதான். அருகிலுள்ள கென்சிங்டன் சந்தையும் யூதர், போர்த்துக்கேயர், கரீபியர் என்று கைமாறி வந்ததே. இத்தாலியரோ கொலிஜ் வீதியிலிருந்து சென்ற் கிளையர் வீதிக்கும், அங்கிருந்து வூட்பிரிஜுக்கும் போனார்கள். கீழே கடை, மேலே குடியிருப்பு, வாசலில் நடைபாதை, பக்கத்தில் ட்ராம் என்ற அமைப்புள்ள குறுகிய பழைய கட்டடங்களைக் குறைந்த விலைக்கு வாங்க முடிந்தவர்களுக்கே தெரு அமைந்தது.

நாம் வந்தபோது மலிவாகக் கிடைத்தவை வேறு: வெலஸ்லி–பார்லிமென்ட் பகுதியில் அறுபதுகளில் எழுந்த சென்ற் ஜேம்ஸ் ரவுன் கோபுரங்களும், அவற்றைப் போன்ற ஸ்காபரோ தொடர்மாடிகளும். ஒரே கோபுரத்தில் நூறு தமிழ்க் குடும்பங்கள் இருந்தாலும் வீதியில் நடப்பவருக்கு அது தெரியாது. கடைகளோ மார்க்கம் வீதி, எக்ளின்ரன், லோரன்ஸ், எல்ஸ்மியர் என்று மைல்கணக்கில் சிதறிக் கிடக்கும் பிளாசாக்கள் எனப்படும் கடைத்தொகுதிகளுக்குள் போயின. பலசரக்குக் கடை, நகைக்கடை, கொத்துரொட்டி போடும் உணவகம், வீடு விற்பனை முகவர் அலுவலகம், பரத நாட்டிய வகுப்பு எல்லாம் அங்கே அருகருகே இருக்கின்றன. ஆனால் வீதிக்கும் கடைக்கும் இடையே பெரிய வாகனத் தரிப்பிடம் கிடக்கிறது. தெருவின் அடையாளமாக ஒரு நுழைவாயில் வளைவு கட்டினால் எங்கே கட்டுவது?

ஜெராட் வீதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1972இல் அங்கிருந்த பழைய திரையரங்கு ஒன்றில் ‘நாஸ்’ என்ற பெயரில் இந்தியப் படங்கள் திரையிடத் தொடங்கியதைச் சுற்றியே அந்தக் கடைத்தெரு வளர்ந்தது. வாடிக்கையாளர்கள் தொலைவிலிருந்து வந்தார்களேயொழிய அப்பகுதியில் குடியிருந்தவர்கள் குறைவு. மேலும், இந்தப் பெயர்ப்பலகைகளையும் விளக்குக் கம்பங்களின் கொடிகளையும் நிறுவுவன பெரும்பாலும் வணிகர் மேம்பாட்டு அமைப்புகள். ஒரு பகுதியின் வணிகச் சொத்துகள் மீது விதிக்கப்படும் மேலதிக வரியில் அவை இயங்குகின்றன. 1970இல் புளோர் வெஸ்ற் பகுதியில் தொடங்கிய இம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. ஒரு வீதியின் இனப் பெயர் என்பது, பல இடங்களில், அங்கே வாழ்பவர்கள் யார் என்பதைவிடக் கடை வைத்திருப்பவர்கள் எதை விற்க விரும்புகிறார்கள் என்பதையே சொல்கிறது.

மழைக்குருவி எழுதியது:

நகரவாசியின் விளக்கம் செறிவானது. ஆனால் புறநகர் அமைப்பின் மீதே முழுப் பழியையும் போடுவதை ஏற்க முடியவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸின் கிழக்கேயுள்ள மொன்ரறே பார்க் ஒரு சாதாரணப் புறநகர். எழுபதுகளில் ஃபிரெட்ரிக் ஷே என்ற சீன வணிகர் அங்கே நிலங்களை வாங்கி, ஹொங்கொங், தாய்வான் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து மக்களை வரவழைத்தார். 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்நகரில் ஆசியர்களே பெரும்பான்மை. இடையில் எண்பதுகளில் கடைப் பலகைகளில் ஆங்கிலம் கட்டாயமா என்பது பற்றி நகரசபையில் பெரும் சச்சரவு நடந்ததே அந்த மாற்றத்தின் வேகத்தைக் காட்டும். நமக்கு அருகிலேயே, ஸ்காபரோ எல்லையைத் தாண்டியதும் 1997இல் திறக்கப்பட்ட பசிபிக் மோல் இருக்கிறது. வாகனத் தரிப்பிடத்துக்கு அங்கேயும் குறைவில்லை. அது ஒரு சீன மையம் என்பதில் எவருக்கும் ஐயமுமில்லை.

வேறுபாடு கையிலிருந்த மூலதனத்தில் இருக்கிறது. பசிபிக் மோலின் சிறு கடைகள் தனித்தனி உடைமைகளாக விற்கப்பட்டன. ஹொங்கொங் சீனாவிடம் திரும்ப ஒப்படைக்கப்படும் முன்னர் கையில் பணத்தோடு வந்த பலரால் அவற்றை வாங்க முடிந்தது. நம்முடைய முதல் தலைமுறையோ பயண ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனோடு வந்து, இரண்டு வேலை செய்து, ஊரில் உள்ளவர்களை அழைப்பதற்கும் சீட்டுக் கட்டுவதற்கும் சம்பளத்தைச் செலவிட்டது. சீட்டுப் பணத்தில் ஒரு கடையைத் திறக்கலாம். பிளாசாவை வாங்க முடியாது. கொரியரிடமும் சீனரிடமும் இதே போன்ற சீட்டு முறைகள் உண்டு என்பதால், கூடிச் சேமிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததுதான் குறை என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. கையில் பணம் சேர்ந்த பிறகு நம்மவர்கள் முதலில் வாங்கியது வீடு. கடைக் கட்டடத்தை வாங்கியவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கலாம். நம்மவர் கடையில் நம்மவரே வேலை செய்வது எல்லோருக்கும் நன்மையாக இருந்ததில்லை. ஆங்கிலம் தெரியாமல் வந்தவருக்கு முதல் நாளே வேலை கொடுத்தது அந்தக் கடைதான். சட்டப்படியான சம்பளத்துக்குக் குறைவாகக் கையில் காசாகக் கொடுத்ததும், கேட்டால் ஊர் உறவைச் சொல்லி வாயை அடைத்ததும் அதே கடைதான். தெரு வேண்டும் என்று ஏங்குபவர்கள் தெருவின் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வடலி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கையில் முதல் இல்லாமை, வந்து சேர்ந்த காலம், அப்போது கிடைத்த கட்டடங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இந்நிலையை உருவாக்கின என்று விளங்கிக்கொள்கிறேன். என் இரண்டாவது கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது: இது இழப்பா?

கடலோடி எழுதியது:

வளைவும் பலகையும் இல்லாததை இழப்பாக நான் கருதவில்லை. நியூயோர்க்கின் மல்பெரி வீதியில் இத்தாலிய உணவகங்களும், 1926இல் தொடங்கிய சான் ஜெனாரோ திருவிழாவும் இன்றும் உள்ளன. இத்தாலியில் பிறந்தவர்கள்தாம் ஏறத்தாழ எவரும் அங்கே வசிப்பதில்லை. வாஷிங்டனின் சைனாடவுனில் 1986இல் பெரும் வளைவு எழுப்பப்பட்டது. 1997இல் அருகே விளையாட்டரங்கு திறக்கப்பட்ட பிறகு வாடகை ஏறி, சீனர்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டார்கள். இப்போது அங்கே பன்னாட்டு நிறுவனக் கடைகளின் பெயர்கள் சீன எழுத்தில் தொங்குகின்றன.

மக்களை ஓரிடத்தில் நிலைநிறுத்தியது சொத்துரிமையும், எதிர்த்து நிற்கும் அமைப்பும்தான். சான் பிரான்சிஸ்கோவில் பல கட்டடங்கள் இன்றும் குடும்பச் சங்கங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் சொந்தம். வான்கூவரில் சீனர் மிகுதியாக வாழ்ந்த ஸ்ட்ராத்கோனாவில் வீடுகளை இடித்துக்கொண்டே வந்த நகரசபையை, 1968இல் வீட்டு உரிமையாளரும் வாடகைக்குடியிருந்தோரும் சேர்ந்து அமைத்த சங்கம் தடுத்து நிறுத்தியது. அதே பகுதியின் ஓரத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹோகன்ஸ் அலிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1972இல் திறக்கப்பட்ட மேம்பாலங்களுக்காக அது அழிக்கப்பட்டது.

தமிழருக்கு இதில் கிடைத்தது வேறு வகையான பலம். ஒரே தொகுதியில் திரளாக வாழ்ந்தமையால் 2011இல் ஸ்காபரோ–ரூஜ் றிவரிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் நாடாளுமன்றம் சென்றார். அதற்கு ஒரு கடைத்தெரு தேவைப்படவில்லை.

நகரவாசி எழுதியது:

கடலோடியோடு உடன்படுகிறேன், ஒரு திருத்தத்தோடு. வாக்கு வலிமை கடைகளைக் காப்பாற்றாது. ஸ்காபரோவுக்கு நிலக்கீழ் ரயில் நீட்டிக்கப்படுகிறது. எக்ளின்ரன் வீதியின் கிழக்குப் பகுதியில் பழைய பிளாசா நிலங்களில் உயர்ந்த கோபுரங்களுக்கான திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இத்தகைய இடங்களில் குத்தகை ஒப்பந்தங்களில், கட்டடத்தை இடிக்க முடிவு செய்தால் முன்னறிவித்தல் கொடுத்து வெளியேற்றலாம் என்ற விதி இருப்பது வழக்கம். நம்முடைய கோவில்கள் பல தொழிற்பேட்டைக் கட்டடங்களை விலைக்கு வாங்கி அமைந்தவை என்பதால் அவை தப்பும். ஆனால் வாடகைக்கு இருக்கும் பலசரக்குக் கடைக்காரருக்கும் நாட்டிய ஆசிரியைக்கும் புதிய கோபுரத்தின் கீழ்த்தளத்தில் கேட்கப்படும் வாடகை கட்டுப்படியாகாது. வடலி இதைத் தொடர்ந்து ஆராய்வதானால், தம் பகுதியிலுள்ள பிளாசா யாருக்குச் சொந்தம் என்பதையும், அந்நிலத்தின் பயன்பாட்டு விதியை மாற்றக் கோரும் மறுவகைப்படுத்தல் விண்ணப்பம் ஏதும் நகரசபையில் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்கலாம். விண்ணப்பங்கள் நகரசபையின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கக் கூடியவாறு உள்ளன.