தோல் தூணியில் ஏறிய நாற்றம்: உங்களுக்கு என்ன நடந்தது?

மரமேறி (மிச்சிகன்)

ஸ்கங்க், அதாவது மிரண்டால் நாற்றத் திரவம் பீய்ச்சும் அந்தச் சின்ன விலங்கு, என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் 1ஆம் தேதி வில் வேட்டை சீசன் தொடங்கிய வேகத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருட்டில் மரத்திலிருந்து இறங்கினேன், கீழே அது நின்றது, அவ்வளவுதான். உடுப்பைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் இடுப்பில் இருந்த தோல் தூணி, அதாவது அம்பு வைக்கும் கூடு, ஒரு நண்பர் கையால் தைத்துக் கொடுத்தது. அதை எறிய மனம் வரவில்லை.

நாய்க்குப் போடுகிற ஹைட்ரஜன் பெராக்சைடு, பேக்கிங் சோடா கலவை தோலை வெளுக்க வைக்கும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, காரேஜில் ஃபேன் காற்றில் காயவிட்டேன். நாற்றம் போய்விட்டது. வீட்டுக்காரம்மாவே முகர்ந்து பார்த்துச் சரி என்றார்.

உறுத்துவது அதற்கப்புறம் நடந்தது. மரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தூறல் ஆரம்பித்தது. தூணி நனைந்த சிறிது நேரத்தில் அதே நாற்றம் எழும்பி வருகிறது. கீழே இருபது கெஜத்தில் ஒரு பெண்மான். தலையைத் தூக்கியது. முன்னங்காலால் தரையைத் தட்டியது. நான் மூச்சுகூட விடவில்லை. மறுபடி தட்டியது, சீறியது, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. காய்ந்த தோலில் இல்லாத நாற்றம் மழையில் எங்கிருந்து வந்தது? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கருவேலங்காடு (டெக்சாஸ்)

நண்பரே, அந்த மான் ஸ்கங்க்குக்குப் பயந்து ஓடவில்லை. மனித வாடையை மறைக்க ஸ்கங்க் சாற்றையே குப்பியில் அடைத்து வேட்டைக்காரர்களுக்கு விற்றார்கள், தெரியுமா? காட்டில் அது மானுக்குப் பழகிய வாடை. மான் மோப்பம் பிடித்தது உங்கள் வியர்வையை.

என் கதை அதைத்தான் சொல்கிறது. இங்கே செப்டம்பர் கடைசியில்கூட வெயில் உரிக்கும். நாண் இழுக்கும் தோல் கையுறை உள்ளே ஊறி ஊறிப் புளித்த வாடை அடிக்கும். ஒருநாள் அது மேலேயிருந்து கை நழுவி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு காட்டுப்பன்றி, பின்னாலேயே குட்டிகள். தாய் நேராக வந்து கையுறைக்கு மேல் மூக்கை வைத்தது. ஒரே ஒரு உறுமல். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் புதருக்குள். பன்றி மூக்கை வைத்த அந்த நொடிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது கையுறையை வீட்டுக்கு வந்ததும் உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒற்றியெடுத்து நிழலில் தொங்கவிடுகிறேன். ஆனால் பொருளைக் கழுவுவதைவிட ஆளைக் கழுவுவது முக்கியம். 1911இல் கலிபோர்னியாவின் ஒரோவில்லில் வெளிப்பட்ட யாஹி இனத்தவர் இஷி, வேட்டைக்கு முந்தின நாள் மீன் தின்னமாட்டார், புகைக்கமாட்டார், காலையில் ஓடையில் குளித்து மணமுள்ள இலையை உடம்பில் தேய்த்துக்கொள்வார் என்று அவரிடம் வில் கற்ற சாக்ஸ்டன் போப் எழுதி வைத்திருக்கிறார். நம் ஆட்களோ காபியும் சாம்பாரும் மணக்க மரம் ஏறிவிட்டுத் தூணியைக் குறை சொல்கிறார்கள்.

விரல்டேப் (சென்னை)

நான் வேட்டை ஆள் இல்லை. இலக்கு வில்வித்தை மட்டும்தான். இந்தியாவில் வனவிலங்குச் சட்டப்படி வேட்டைப் பேச்சுக்கே இடமில்லை, அதனால் மான் விவகாரத்தில் நான் தலையிடவில்லை.

ஆனால் நாற்றம் எனக்கும் உண்டு. ரீகர்வ், அதாவது முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்லில் நாணை இழுத்துக் கையைத் தாடைக்குக் கீழே நிறுத்துவோம். நாண் விரலை அறுக்காமல் இருக்க மாட்டும் தோல் துண்டான டேப் மூக்குக்குக் கீழேதான். மழைக்காலத்தில் பையில் மூடி வைத்திருந்த டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம். தட்டிவிட்டு மைதானத்துக்குக் கொண்டுபோனேன். நேருக்கு நேர் ஆட்டம், அம்புக்கு 20 விநாடி. முழுதாக இழுத்து நிறுத்தியிருக்கிறேன், தும்மல் வருகிறது! இறக்கி வைத்தேன். கடிகாரம் ஓடுகிறது. அவசரமாக விட்ட அம்புக்குப் பத்துக்கு 5 புள்ளிதான். எதிராளிப் பெண் சிரிப்பை அடக்கியது இன்னும் எரிச்சல்.

பையில் சூடம் போட்டு வைக்கச் சொன்னார் ஒரு மூத்தவர். பூஞ்சணமும் போகவில்லை, பூஜை அறைக்குள் நின்று அம்பு விடுவது போல ஆகிவிட்டது.

ஆம்பூர்த் தோல்

வில்லைத் தொட்டதே இல்லை. தோல் பதனிடும் டேனரியில்தான் வாழ்க்கை. பென்சில்வேனியாவிலிருந்து அக்கா மகன் ஒரு தூணி கொண்டுவந்தான். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கச் சிக்கெடுத்த எண்ணெய் வாடை. அவன் மான் வாடை என்று நினைத்திருந்தான். அது தோல் மெருகுக்கு அவனே மாதாமாதம் தடவிய மிங்க் என்ற விலங்கின் கொழுப்பு எண்ணெய். என் கதை அவ்வளவுதான். மற்றதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் உங்கள் தோல் எதில் பதனிட்டது என்று பாருங்கள். வெட்டு விளிம்பில் நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. உள்ளே வரை பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். எங்கள் பக்கம் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்தார்களே, அந்த வகை. தூணி, கைக்காப்பு எல்லாம் விறைப்பு வேண்டும் என்பதால் பட்டைத் தோலில்தான் அதிகம் செய்கிறார்கள். குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது 80 டிகிரி பக்கம் போனாலே சுருங்கிவிடும். அதனால் ஹீட்டர் முன்னால் வைக்காதீர்கள் அப்பா!

அடுத்து சோடா. தோல் இயல்பிலேயே லேசான அமிலத் தன்மை உள்ளது. பேக்கிங் சோடா காரம். நனைந்த பட்டைத் தோலில் பட்டால் கறுத்து விறைக்கும். வினிகர் அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது, மரமேறி தம்பி செய்தது சரி. தோலைச் சுத்தம் செய்யும் சேடில் சோப்பும் காரம்தான். எப்போதாவது போடலாம், வாராவாரம் வேண்டாம். நீட்ஸ்ஃபுட் எண்ணெய், அதாவது மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது, நல்லதுதான், ஆனால் துணியில் தொட்டு லேசாக. ஊற்றினால் தோல் தொளதொளவென்று ஆகும்.

மழையில் நாற்றம் திரும்பியதற்குக் காரணம் கேட்டீர்கள். ஸ்கங்க் திரவத்தில் தயோல் என்ற நாறுகிற கந்தகச் சேர்மங்களோடு தயோஅசிட்டேட் என்ற வகையும் உண்டு. காய்ந்திருக்கும்போது அது சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டால் மெல்ல மெல்லத் தயோலாக மாறும். தோலின் நார்களுக்குள் இறங்கிவிட்டதை வெளியே துடைத்து என்ன பயன்? ஈரத்துணியால் துடைத்து, நாற விட்டு, காற்றாட வைத்து, மறுபடி அதையே செய்யுங்கள். மாதக்கணக்கில் ஆகும்.

டேப் தங்கை, நீங்கள் கருவேலங்காடு சொன்ன ஆல்கஹால் கலவையை வெளியில் வைத்துத் துடையுங்கள், வீட்டுக்குள் பூஞ்சணத்தைப் பறக்கவிடாதீர்கள். நெகிழிப் பையில் மூடாதீர்கள், துணிப்பையில் வையுங்கள்.

பென்_வில்

மாதக்கணக்கா? ஓசோன் பெட்டியில் வைத்தால் ஒரே இரவில் போகும் என்று என் மைத்துனன் சொன்னான். வைத்தோம். நாற்றம் குறைந்தது உண்மை. பூட்ஸின் ரப்பர் அடி வெடிவெடியாகப் பிளந்து நின்றதும் உண்மை. காலையில் பெட்டியைத் திறந்ததும் தொண்டை கரகரத்தது தனிக் கதை.

மரமேறி (மிச்சிகன்)

ஆம்பூர் அண்ணா, நன்றி. இப்போது புரிகிறது.

கருவேலங்காடு, நான் சாம்பார் சாப்பிட்டுப் போகவில்லை. காற்றும் மானிடமிருந்து என் பக்கம்தான். எருக்கு இனத்து மில்க்வீட் செடியின் பஞ்சைப் பறக்கவிட்டுப் பார்த்தேன், முகத்துக்கு நேராக வந்தது.

கருவேலங்காடு (டெக்சாஸ்)

முகத்தருகே பறக்கவிட்டால் போதுமா? கீழே விழும்வரை பார்த்தீர்களா? வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று தரையை நோக்கி இறங்கும். உங்கள் வாடையும் மரத்தடிக்கு வந்து அங்கிருந்து பரவும். அது காலையா, மாலையா?

மரமேறி (மிச்சிகன்)

மாலை.

சரி, இருந்தாலும் தூணி இந்த சீசன் முடியும்வரை காரேஜ் ஆணியில்தான். மழை வரும்போதெல்லாம் வெளியே எடுத்து நனைக்கப் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டார்.