ஏர்பேக்கை அணைத்துவிட்டால் குழந்தை சீட்டை முன்னால் வைக்கலாமா?

தனியோட்டி:
மகளுக்கு எட்டு மாதம். வண்டியில் பெரும்பாலும் நானும் அவளும்தான். பின்னால் வைத்தால் என் முகம் தெரியாமல் அழுது தீர்க்கிறாள், நானும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். என் காரில் முன் பயணியின் ஏர்பேக்கைச் சாவி போட்டு அணைக்கலாம். அணைத்துவிட்டு, பின்னோக்கிய சீட்டை (குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட்) என் பக்கத்திலேயே மாட்டப்போகிறேன். தவறு என்றால் காரணம் சொல்லுங்கள், திட்டாதீர்கள்.

வேப்பமரம்:
திட்டவில்லை தோழி. ஆனால் பின் சீட் காலியாக இருக்கும்போது முன்னால் எதற்கு? பின்னோக்கிய சீட்டில் குழந்தையின் தலைப்பக்கம்தான் டாஷ்போர்டை ஒட்டி இருக்கும். ஏர்பேக் கண் இமைப்பதற்குள் விரிந்து நேராக அங்கேதான் அடிக்கும். பெரியவர்களைத் தாங்குவது குழந்தையைக் கொல்லும். சன் வைசரில் (கண்ணாடிக்கு மேல் வெயில் மறைக்கும் பலகை) குழந்தை சீட்டுக்குக் குறுக்குக்கோடு போட்ட அந்தப் படம் சும்மா ஒட்டவில்லை.

தனியோட்டி:
அதைத்தான் அணைக்கிறேன் என்கிறேனே!

வேப்பமரம்:
சரி, அணைத்தீர்கள். நாளை உங்கள் அம்மா முன்னால் ஏறுவார், அவருக்காக ஆன் செய்வீர்கள். மறுநாள் அவசரத்தில் குழந்தையை மாட்டும்போது நினைவிருக்குமா? அப்புறம், நேருக்கு நேர் மோதினால் முதலில் நசுங்குவது முன்பக்கம்தான். அதை எந்தச் சாவியும் மாற்றாது.

டூல்பாக்ஸ்:
பின் சீட்டே இல்லாதவன் என்ன செய்வான் அண்ணே? என்னுடையது ஒற்றை வரிசை பிக்கப். "முன்னால் வைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்குப் பயனில்லை.

நான் செய்வது இது. சாவியைத் திருப்பியதோடு விடமாட்டேன். இக்னிஷன் போட்டதும் 'ஏர்பேக் ஆஃப்' விளக்கு எரிகிறதா, எரிந்துகொண்டே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குழந்தையைத் தூக்குவேன். சில வண்டிகளில் எடையை உணர்ந்து தானே அணையும், அதிலும் விளக்கைத்தான் நம்ப வேண்டும். வண்டி இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, பெல்ட்டைக் குழந்தை சீட்டில் அதற்கான வழியில் நுழைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு இறுக்குவேன். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. தாங்குகால் (சீட்டிலிருந்து தரைக்கு இறங்கும் முட்டுக்கால்) உள்ள சீட் என்றால் கால் தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை நேராக வண்டியில் பூட்டுவது) பல வண்டிகளில் முன்னால் கிடையாது, இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

வேப்பமரம்:
உங்கள் நிலைமை வேறு, வழியில்லை. ஒப்புக்கொள்கிறேன். தோழிக்குத்தான் பின்னால் இடம் இருக்கிறதே. பின் சீட் ஹெட்ரெஸ்டில் மாட்டி, குழந்தையின் முகத்தை ஓட்டுபவருக்குக் காட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும்.

தனியோட்டி:
கண்ணாடியைப் பார்ப்பதும் சாலையைப் பார்க்காமல் இருப்பதுதானே?

வேப்பமரம்:
பக்கத்தில் இருந்தால் மட்டும் பார்க்கமாட்டீர்களா? கை நீட்டிச் சூப்பும் ரப்பரை வாயில் வைக்கத்தான் தோன்றும். அழுதால் ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

டூல்பாக்ஸ்:
ரெண்டு பேரும் கார் கையேட்டை எடுங்கள். எந்த இருக்கையில் எந்த வகை சீட் என்று அட்டவணை இருக்கும். பல கையேடுகளில் 'எக்ஸ்' போட்டிருந்தால் அங்கே மாட்டவே கூடாது. அதைப் பார்க்காமல் இவ்வளவு சண்டை.

தனியோட்டி:
பார்த்துவிட்டேன். ஏர்பேக் அணைத்திருந்தால் முன்னால் வைக்கலாம் என்றுதான் இருக்கிறது. சரி, முதலில் கண்ணாடி மாட்டிப் பார்க்கிறேன். ஆனால் அவளுக்குச் சளி பிடித்து மூச்சு இழுக்கிற நாளில் முன்னால்தான் வைப்பேன்.

வேப்பமரம்:
அன்றைக்கு வேறு யாராவது ஓட்டட்டும், நீங்கள் பின்னால் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.

தனியோட்டி:
ஆள் இருந்தால் உட்காரமாட்டேனா?