பி.பி.டி. – தமிழில் என்ன?

துளிர்: கலைச்சொல் குழு அன்பர்களே, கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் விளக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வயிற்றுப் பிள்ளையின் தலையைக் குறுக்கே அளக்கும் ‘பைபரைட்டல் டயாமீட்டர்’ (பி.பி.டி.) என்ற இடத்தில் முட்டி நிற்கிறேன். என்ன போடலாம்?

ஏட்டுச்சுவடி: ‘பரைட்டல்’ என்பதன் வேர் இலத்தீன் ‘பாரியெஸ்’, அதாவது சுவர்; என்பு என்றால் எலும்பு. ஆகவே ‘சுவரென்பிடை விட்டம்’.

கொல்லைப்புறம்: எங்கள் ஊரில் விட்டம் என்றால் கூரை தாங்கும் மரம். சுவரும் வந்தாயிற்று, விட்டமும் வந்தாயிற்று. ஓடு வேய்ந்தால் குடிபோகலாம். பேசாமல் ‘தலை அகலம்’ என்று போடுங்கள் அம்மா.

ஏட்டுச்சுவடி: சங்கப் பாட்டில் அகலம் என்றால் மார்பு, ஐயா! தவிர, கையேட்டில் பிள்ளையைச் ‘சிசு’ என்பதும் வேண்டாம். தொல்காப்பிய மரபியல் மக்களுக்குக் குழவி, மகவு இரண்டை மட்டுமே விதிக்கிறது. ‘சூற்குழவி’ என்க.

கொல்லைப்புறம்: அகநானூறு படித்துவிட்டா ஸ்கேனுக்குப் போகிறார்கள்? சூலையும் தலையையும் சேர்த்தால் தலைச்சூல் என்றுதான் படிப்பார்கள். மூன்றாவது பிள்ளைக்காரி என்ன நினைப்பாள்?

மகப்பேறு மருத்துவர்: மண்டையின் இரு பக்க எலும்புகளுக்கு இடையே, மூளையில் தலாமஸ் என்ற நடுப்பகுதி தெரியும் மட்டத்தில் எடுப்பது இது. நான் ‘தலைக் குறுக்களவு’ என்பேன். 20 வாரத்தில் ஏறக்குறைய 4.7 செ.மீ., நிறைமாதத்தில் 9.5 செ.மீ.யை ஒட்டி வரும். பிட்டம் கீழாக இருக்கும் பிள்ளைக்குத் தலை சற்று நீண்டு ஒடுங்கியிருக்கலாம். அப்போது நன்றாக வளரும் பிள்ளைக்கும் இந்த அளவு குறைத்துக் காட்டும். தலைச் சுற்றளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு கூடியது என்பதும் முக்கியம். ‘தலை அகலம் குறைவு’ என்று படித்துவிட்டு அழுதுகொண்டு வருகிறார்கள். பெயர் எதுவானாலும் இந்த விளக்கம் கையேட்டில் இருக்கட்டும்.

நெல்மணி: ‘தலைச் சுற்றளவு’ என்றால் தலைசுற்றல் நினைவு வராதா? கர்ப்பிணிக்கு அது வேறு இருக்கிறதே! ‘சிரச் சுற்றளவு’?

ஏட்டுச்சுவடி: ‘சிரம்’ என்ற வடசொல்லா? இந்தக் குழுவிலா?

துளிர்: நன்றி. ‘தலை அகலம்’ என்பதற்கே ஆள் அதிகம். பக்கத்தில் பி.பி.டி. என்றும் போட்டுவிடுகிறேன், அறிக்கையில் அப்படித்தானே அச்சாகிறது. மருத்துவர் அம்மா சொன்னது கட்டம் கட்டி வரும்.

ஏட்டுச்சுவடி: என் மறுப்பைப் பதிவு செய்க. குறுக்களவாவது போட்டிருக்கலாம்.

நெல்மணி: அடுத்த வரி ‘வயிற்றுச் சுற்றளவு’ என்றிருக்கிறதே, அது தாய் வயிறா, பிள்ளை வயிறா?