சிறு ஊர்களை அங்குள்ளவர்கள் மூலம் அறிவது எப்படி? (அப்புத்தளை, பதுளைப் பக்கம்)

வவுனியாப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். பதுளைப் புகையிரதத்தில் இதுவரை மூன்று தடவை மலையகம் வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒன்பது வளைவுப் பாலம், லிப்டன் சீட் என்று ஓடி ஓடிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியதோடு சரி. கடந்த முறை அப்புத்தளை நிலையத்தில் வண்டி தாமதித்து நின்றபோது, பக்கத்து இருக்கையிலிருந்த அம்மா ஒருவர் தம் பையிலிருந்து ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் எடுத்து, கேளாமலே பாதியை என் கையில் வைத்தார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட அவருடைய அக்கா இப்போது கோத்தகிரியில் இருப்பதாகவும், பிரிந்த பின்னர் ஒரேயொரு தடவைதான் சந்தித்ததாகவும் சொன்னார். மூன்று பயணங்களில் நான் அறியாத ஊரை அந்த அரை மணி நேரத்தில் அறிந்தேன். மாசி மாதத்தில் நான்கு நாட்கள் தங்க எண்ணியுள்ளேன். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் அங்குள்ளவர்களுடன் பழகுவதற்கு வழி சொல்லுங்கள்.

அப்புத்தளைவாசி:

சகோதரி, வாடகை வானை விட்டுவிட்டு, நகரிலிருந்து தம்பேதன்னைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலையைப் பார்க்க வருபவர்களும், மளிகைச் சாமான் மூட்டையோடு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குத் திரும்புபவர்களும் அதே பஸ்ஸில்தான் வருவார்கள். மூட்டையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை கொடுத்தாலே பேச்சு தொடங்கிவிடும். நீங்கள் வவுனியா என்று தெரிந்தால், 1977 கலவரத்துக்குப் பின்னர் அங்கு போய்க் குடியேறிய தங்கள் உறவினரைப் பற்றி யாராவது கட்டாயம் விசாரிப்பார்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கொழுந்து எடுக்கும் நேரத்தில் மலையில் நிற்பவர்களை மறித்துப் பேச வேண்டாம். தோட்டம் கேட்கும் கிலோ நிறையாவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். உங்கள் படத்துக்காக ஒரு பெண் கூடையோடு சிரித்து நிற்கும் பத்து நிமிடம், மாலையில் தராசின் முன்னால் அவருக்குக் குறையும் கொழுந்து. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அன்று தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு இறங்குவார்கள். அதிலும் 10ஆந் திகதி சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிறு என்றால் தேநீர்க் கடைகளில் இருக்க இடம் கிடைக்காது. பிளேன்டீ ஒன்றைச் சொல்லிவிட்டு, அவசரப்படாமல் உட்காருங்கள்.

பதுளை ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மேலே எழுதியவரின் கருத்தை முழுமனதோடு ஆதரிக்கிறேன். நான் கற்பித்த தோட்டப் பாடசாலைக்கு ஒருமுறை சுற்றுலாக் குழுவொன்று வந்து, பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் பேனைகளைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளையின் பெயரையேனும் கேட்காமல் போய்விட்டது. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்றும் என்னை வருத்துகின்றன. லயத்துக் காம்பராவின் வாசலும் ஒரு வீட்டின் வாசல்தான் என்பதால், அழைக்காமல் எட்டிப் பார்க்காதீர்கள். அழைத்தால் மறுக்காமல் போங்கள். தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தால் மனம் நோவார்கள்.

மாசியில் வருவது நல்லதாயிற்று. பல தோட்டங்களில் அப்போதுதான் காமன் கூத்து நடக்கும். காமனாகவும் ரதியாகவும் வேடமிடுபவர்கள் விரதம் காப்பார்கள். பகலில் மலையில் வேலை செய்தவரே இரவில் தப்பு மேளம் ஒலிக்க மன்மதனாய் ஆடுவார். சிவன் காமனை எரிக்கும் இறுதி இரவில் தோட்டமே விழித்திருக்கும். எந்தத் தோட்டத்தில், எந்த நாளில் என்பதைக் கோயில் தலைவரிடமோ தேநீர்க் கடையிலோ கேட்டுத்தான் அறிய வேண்டும். அப்படிக் கேட்டுப் போகிறவர்களுக்கு முன்வரிசையில் பாய் விரித்துக் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன்.

பண்டாரவளை வாசகி:

ஒரு சிறு சேர்க்கை. எடுத்த படங்களை அச்சிட்டு, அடுத்த முறை கொண்டுவந்து கொடுங்கள். எங்கள் பாட்டியின் ஒரே படம் அப்படி ஒருவர் திரும்பி வந்து கொடுத்ததுதான். இன்றும் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வவுனியாப் பயணி:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. நான்கு நாட்களையும் அப்புத்தளையிலேயே கழிக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை உள்ளடங்கும்படி திகதியை மாற்றியுமாயிற்று. அந்த அம்மா இறங்கிய தோட்டத்தின் பெயர் நினைவிருக்கிறது. புகையிரதத்தில் அவரோடு எடுத்த படத்தை இன்று அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.